ஒரே பஸ்ஸில் மாதாவும் கக்கூஸும்

சாமினிக்குக் கோபம் வந்திருக்கிறது என்பதைக் கொட்டாஞ்சேனையில் அவளுடைய ஒழுங்கைக்காரர் தண்ணீரை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். கோபம் வந்தால் அவள் பஸ்ஸைக் கழுவுவாள். வாளி வாளியாக அள்ளி அடிப்பாள். தண்ணீர் அந்தக் குறுகிய ஒழுங்கையின் நாலு வீட்டு வாசலையும் நனைத்துக்கொண்டு ஓடி, பெரிய ரோட்டுக் கானுக்குள் போய் விழும். செருப்பைத் தூக்கி உயரத்தில் வைக்கிற சனம், இன்றைக்கு றொஹான் என்னவோ வாயைத் திறந்துவிட்டான் என்று தங்களுக்குள் கதைத்துக்கொள்ளும். பாதி நாள் அது சரியாகவும் இருக்கும்.

மற்றப் பாதி நாளுக்குப் பாவம் றொஹான் பொறுப்பில்லை. அவன் துறைமுகத்தில் கிறேன் ஓட்டுகிறவன். வானத்தில் தனியாக இருந்து வேலை செய்து பழகியதாலோ என்னவோ, தரைக்கு வந்தால் யாரோடும் முட்டமாட்டான். யார் எதைக் கேட்டாலும் ஓம் என்பான். கல்யாணம் கேட்டு வந்தபோது அந்தக் குணம் சாமினிக்குப் பிடித்திருந்தது. ஓம் என்று எல்லாருக்கும் சொல்கிறவன் தன் பக்கம் நிற்கிறவன் அல்ல என்று விளங்கியபோது இரண்டு பிள்ளைகள் பிறந்துவிட்டன.

பஸ் அவளுடைய அப்பாவினது. கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பள்ளிக்கூடங்களுக்குக் காலி வீதியால் போகிற ஸ்கூல் பஸ். அப்பாவுக்குக் கண் மங்கியதும் பஸ்ஸை விலைக்குக் கேட்டு ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். சாமினி அவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு, கனரக வாகன லைசன்ஸ் எடுக்கப் போனாள். பெண்பிள்ளை பஸ் ஓட்டுவதா என்று கேட்ட சொந்தக்காரர் எல்லாம் பிறகு தங்கள் பிள்ளைகளை அவளிடமே ஏற்றிவிட்டார்கள். பிள்ளைகள் அவளுக்குப் பயம். காலையில் பிந்தி வருகிற தாய்தகப்பன்மார் இன்னும் கூடப் பயம். ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்கமாட்டாள். இறங்கிப் போய்க் கதவைத் தட்டி, பிள்ளைக்கு முன்னாலேயே தகப்பனுக்கு ஏச்சுக் கொடுப்பாள்.

இதெல்லாம் சாதாரணக் கோபம். கழுவினால் போய்விடும். கழுவியும் போகாத கோபம் ஒன்று அவளுக்குள் இருந்தது. அது டீசல் கியூவில் பிடித்தது.

நாட்டில் எண்ணெய் இல்லாமல் சனம் நடுத்தெருவில் படுத்துக் கிடந்த அந்த வருஷத்தை யாருக்கும் சொல்லிக்காட்டத் தேவையில்லை. சாமினியும் பஸ்ஸோடு கியூவில் கிடந்தாள். முன்னாலும் பின்னாலும் லொறிக்காரர், பஸ்காரர், எல்லாம் ஆண்கள். கெட்டவர்கள் என்று சொல்லக்கூடாது. சோற்றுப் பார்சல் வந்தால் அவளுக்கும் ஒன்று எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் அவர்களுக்கு மூத்திரம் முட்டினால் பக்கத்து மதிலைப் பார்த்துத் திரும்பி நின்றால் முடிந்தது கதை. சாமினி எங்கே போவாள்? காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடிக்காமல், காலை மடித்து மடித்து இருந்து பார்த்தாள். மத்தியானம் அடிவயிறு கல்லாகிவிட்டது. முடுக்கு வீட்டில் ஷபீகா என்று ஒரு முஸ்லிம் பெண், இவள் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டு, உள்ளே வாங்க ராத்தா என்று சொந்த அக்காவைப் போலக் கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் பெண்ணின் குடும்பத்துக்காகச் சாமினி இன்றைக்கும் செபமாலையில் ஒரு மணி சேர்த்துச் சொல்வாள்.

திரும்பி வந்து பார்த்தால் கியூ நகர்ந்திருந்தது. பின்னால் நின்ற லொறிகள் அவளுடைய பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு முன்னுக்குப் போய்விட்டன. அவளுடைய முறை வந்தபோது பெற்றோல் செட்டில் டீசல் முடிந்துவிட்டது. சோற்றுப் பார்சல் தந்த அதே மனுஷன், எங்கே போனாய் நங்கி, இடத்தை விட்டுவிட்டுப் போகலாமா என்று தங்கச்சி முறை வைத்துச் சிங்களத்தில் புத்தி சொன்னான். எங்கே போனாள் என்று அவளால் சொல்ல முடியவில்லை. வாயில் ஏறாத வார்த்தை இல்லாதவள், அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றாள். அந்த வாய்மூடலை அவள் தனக்கே மன்னிக்கவில்லை.

அதற்குப் பிறகு பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. சிலர் ஸ்கூல் வான் பிடித்துக்கொண்டார்கள். சிலர் குடும்பத்தோடு வெளிநாடு போனார்கள். மிச்சம் இருந்தவர்களின் பெற்றோர் கூடி, பஸ் நல்ல பழசு, இனி அதில் பிள்ளைகளை அனுப்பப் பயமாக இருக்கிறது என்று முடிவெடுத்தார்கள். எவ்வளவு காலம் அதில் ஏறி இறங்கின பிள்ளைகள்! ஒரு சொல் நன்றி இல்லை. பழைய இரும்புக்காரன் வந்து தட்டிப் பார்த்து, வெட்டிக் கொண்டுபோக எப்போது வரலாம் என்று கேட்டான். அவன் ஒழுங்கை முனைக்குப் போய்ச் சேரும்வரைக்கும் சாமினியின் வாய் ஓயவில்லை.

வழி காட்டியவர் வெள்ளவத்தைத் தனஞ்சயன். அவருடைய மகள் கடைசிவரைக்கும் அந்த பஸ்ஸில் போன பிள்ளை. வெளிநாடுகளில் பழைய ஸ்கூல் பஸ்களை வீடு மாதிரி மாற்றி, கட்டில், அடுப்பு எல்லாம் வைத்து ஊர் சுற்றுகிறார்கள், இங்கேயும் செய்து வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடலாம் என்று சொல்லி போனில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினார். மடக்குக் கட்டிலையும் மரத் தட்டுகளையும் சாமினி சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். வீடியோவில் ஒரு பெண் பஸ்ஸின் பின்பக்கம் போய் ஒரு சின்னக் கதவைத் திறந்தாள். உள்ளே கொமோட், குழாய், கண்ணாடி. அந்த இடத்தை மட்டும் திருப்பிப் போடச் சொன்னாள் சாமினி. மனுஷன் திருப்பிப் போட்டார். இன்னொரு தரம் கேட்டாள்.

வெள்ளைக்காரர் அவளுடைய நினைப்பிலேயே வரவில்லை. மடுவுக்கும் தலவிலுக்கும் யாத்திரை போகிற கொட்டாஞ்சேனைப் பெண்கள்தான் வந்தார்கள். சின்ன வயதில் மடுத் திருவிழாவுக்குப் போவதென்றால், அம்மா முதல் நாள் பின்னேரத்திலிருந்தே தண்ணீர்ச் செம்பை ஒளித்து வைத்துவிடுவார். ஆண்பிள்ளைகளுக்கு அந்தச் சட்டம் கிடையாது. மாதாவிடம் போகிற வழியெல்லாம் பெண்கள் நாக்கு வறண்டுதான் பாட்டுப் பாடியிருக்கிறார்கள். இத்தனை வருஷமாக ஒருத்தி வாயைத் திறந்து இது என்ன கொடுமை என்று கேட்டதில்லை.

பஸ்ஸை இரத்மலானையில் கிளறன்ஸ் அண்ணனின் கராஜில் கொண்டுபோய் விட்டாள். கிளறன்ஸ் நல்ல டிங்கர் வேலைக்காரர், கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர், அப்பாவின் சிநேகிதர். சீற்றுகளில் பாதியைக் கழற்றி, மிச்சத்தை மடித்தால் படுக்கையாகிற மாதிரி அமைத்தார். காஸ் அடுப்புக்கு மேடை, கூரையில் தண்ணீர்த் தாங்கி, ஜன்னலுக்கு வலை, எல்லாம் கண்ணுக்கு அழகு. ஒருநாள் சாமினி போய்ப் பார்த்தால், கக்கூஸ் வர வேண்டிய மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு சவுண்ட் பொக்ஸ் ஏறி நின்றது. யாத்திரை போகிற சனத்துக்குப் பாட்டு வேண்டும், மற்றதைப் பிறகு பார்ப்போம், வழியில் ஹோட்டல் இல்லையா என்றார் கிளறன்ஸ்.

அந்த ஹோட்டல்களில் பெண்கள் போகிற பக்கத்தை உள்ளே போய்ப் பார்த்திருக்கிறீர்களா என்று சாமினி கேட்டாள். அவர் எப்படிப் பார்த்திருப்பார்? தாழ்ப்பாள் இல்லாத கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் சேலையைத் தூக்கிக்கொண்டு, வழுக்குகிற தரையில் குந்தி எழும்புகிற வித்தையை அவள் ஒளிவுமறைவில்லாமல் விபரித்தாள். கராஜில் வெல்டிங் சத்தமே நின்றுவிட்டது. மனுஷன் காதுவரைக்கும் சிவந்துபோய், போதும் தங்கச்சி போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டார். சவுண்ட் பொக்ஸ் அன்றைக்கே இறங்கியது. அதற்குப் பிறகும் அவள் நம்பவில்லை. கொமோட் பூட்டி, கீழே தாங்கி பொருத்தி, குழாயில் தண்ணீர் வந்து முடியும்வரைக்கும் தினமும் போய்ப் பெயின்ற் வாளி ஒன்றைக் கவிழ்த்து வைத்து அதில் குந்திக்கொண்டிருந்தாள். வயதான ஆட்கள் பிடித்து எழும்புகிற மாதிரிச் சுவரில் ஒரு கைபிடியும் வைக்கச் சொன்னாள். அதைக் கிளறன்ஸ், அவள் கேட்காமலேயே, இரண்டாக வைத்துக் கொடுத்தார்.

வாகனத்தைப் பரிசோதிக்க வந்த உத்தியோகத்தர் உள்ளே ஏறிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது பஸ்ஸா வீடா என்று சிங்களத்தில் கேட்டார். "தெக்கம, சேர்" என்றாள் சாமினி. இரண்டும்தான். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பஸ் ஒழுங்கைக்குத் திரும்பி வந்த நாள் திருவிழா மாதிரி இருந்தது. ஆண்கள் அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தார்கள், கட்டிலை மடித்து விரித்தார்கள். பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பின்பக்கம் போய் அந்தக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள். எதிர்வீட்டுப் புளோறன்ஸ் ஆன்ட்டி மட்டும் உள்ளேயே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கப்பல் கொம்பனி ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வெடுத்த மனுஷி. இதயத்துக்கு மருந்து எடுக்கிறார். அதோடு சேர்த்துத் தண்ணீர்க் குளிசை. அதைப் போட்டால் அடிக்கடி போக வேண்டும். முழங்கால் மடியாது, குந்த முடியாது. புருஷன் செத்த பிறகு மடுவுக்கு வருகிறேன் என்று வைத்த நேர்த்தி நிறைவேறாமல் கிடந்தது. ஆன்ட்டி கைபிடியைப் பிடித்து இருந்து எழும்பி, இருந்து எழும்பிப் பார்க்கிற சத்தம் வெளியே கேட்டது. கதவைத் திறந்துகொண்டு வந்து, "இந்த முறை நான் போவன் மகள்" என்றார். கண் கலங்கியிருந்தது. சாமினிக்கும்.

ஆவணித் திருவிழாவுக்கு அவர்களுடைய பகுதியிலிருந்து வருஷா வருஷம் இரண்டு பஸ் போகும். ஒன்று ஆண்களுக்கு, ஒன்று பெண்களுக்கு. மாதாவின் சின்னச் சுரூபம் ஒன்று கண்ணாடிப் பெட்டியில் பெண்களின் பஸ்ஸில்தான் வரும். வழிநெடுகச் செபமாலை சொல்கிறவர்கள் அவர்கள்தானே. இந்த முறை பெண்களுக்குச் சாமினியின் பஸ் என்று பேச்சாகி, பெயரும் கொடுத்தாயிற்று. அதுதான் அதன் முதல் பயணம். பிறகுதான் யாத்திரைக் குழுக் கூட்டம் வந்தது.

குழுத் தலைவர் அலோசியஸ் அங்கிள். சுங்கத்தில் கிளார்க்காக இருந்தவர். அடுத்தவனுடைய பெட்டியைத் திறந்து பார்த்துப் பிழை பிடித்த பழக்கம் ஓய்வெடுத்தும் போகவில்லை. கூட்டம் தொடங்கியதும் எழும்பி நின்று, மாதாவும் கக்கூஸும் ஒரே கூரையின் கீழே எப்படிப் போகும் என்று கேட்டார். யாரும் இப்படி யோசிக்கவில்லையே என்று ஆண்கள் தலையாட்டினார்கள். பரிசுத்தம், அவமரியாதை, பரம்பரை என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். ஃபாதர் தியானத்துக்குப் போயிருந்தார். குழு பார்த்துச் செய்யட்டும் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டாராம். கொமோட்டைக் கழற்று, இல்லாவிட்டால் கதவைப் பூட்டு, அதுவும் முடியாவிட்டால் வேறு பஸ் பிடிப்போம் என்று முடித்தார்.

சாமினி குழுவில் இருந்த றொஹானைப் பார்த்தாள். அவன் தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சரி, அவன் கதையை விடுங்கள். பெண்கள் இருந்தார்களே, அவர்களைச் சொல்லுங்கள். ஒருத்தி எழும்பி, மாதாவுக்காக ஒருநாள் பொறுக்கமாட்டோமா என்றாள். இன்னொருத்தி, நாங்கள் தண்ணீர் குடிக்கமாட்டோம், பழக்கம்தானே என்றாள். அந்தப் பழக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் சாமினிக்கு உச்சந்தலை வெடித்தது. ஆண்கள் சொன்னதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். இதைத் தாங்க முடியவில்லை. கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி, கழற்றவும் மாட்டேன், பூட்டவும் மாட்டேன், நீங்கள் நாக்கு வறண்டு மாட்டுவண்டியில் போங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அன்றைக்கு ஒழுங்கையில் ஓடிய தண்ணீரில் ஒரு வாசல் மிச்சமில்லை.

அப்படியே நின்றிருக்கலாம் அவள். நின்றிருப்பாள். அடுத்த நாள் புளோறன்ஸ் ஆன்ட்டி வந்தார். சாமினியின் பஸ் போகாவிட்டால் தானும் போக முடியாது, வேறு பஸ்களின் உயரப் படியில் ஏற முடியாது, அடுத்த ஆவணிக்கு இருப்பேனோ தெரியாது என்றார். பூட்டினால் பூட்டட்டும், அன்றைக்குத் தண்ணீர்க் குளிசையைப் போடாமல் விடுகிறேன் என்று தானே வழியும் சொன்னார். றொஹானும் தன் பங்குக்கு வந்து, சாவி தன் கையில்தான் இருக்கும், புறப்படும்போது அவளிடம் தந்துவிடுவேன், ஆத்திர அவசரத்துக்குத் திறந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னான். சாமினி பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டாள்.

வெள்ளாப்பில், விடிகிற நேரத்திலேயே, மாதாவை ஏற்றினார்கள். ஓட்டுநர் சீற்றுக்குப் பின்னால் மேடை, பூமாலை, மெழுகுதிரி. அலோசியஸ் அங்கிள் தானே பின்பக்கம் போய்ப் பண்டசாலைக் கதவுக்குப் போடுகிற அளவில் ஒரு பூட்டைப் போட்டு, இழுத்தும் பார்த்தார். சாமினி எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு றொஹானுக்குக் கையை நீட்டினாள். அவன் மற்ற பஸ்ஸின் படியில் நின்றான். "அங்கிள் சாவியைக் கேட்டார் சாமினி. பெரிய மனுஷன், எப்படி இல்லை எண்டு சொல்லுறது?" என்றான். அவள் கியரைப் போட்ட சத்தம் மற்ற பஸ்வரைக்கும் கேட்டது.

சிலாபத்தில் தேத்தண்ணீருக்கு நிறுத்தினார்கள். அங்கே பெண்கள் பக்கம் இருந்தது குந்துகிற கக்கூஸ், அதுவும் மூன்று படி ஏறி. புளோறன்ஸ் ஆன்ட்டி படியடிவரைக்கும் போய், நனைந்த தரையையும் தன் முழங்காலையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். ஏறுங்கள், ஏறுங்கள், பின்னேர ஆராதனைக்குப் பிந்திவிடும் என்று அலோசியஸ் அங்கிள் கைதட்டிக்கொண்டு நின்றார். வேறு நல்ல இடம் பார்த்து நிறுத்துகிறேன் என்று சாமினி சொல்ல, வேண்டாம் மகள், நான் ஒன்றும் குடிக்கவில்லை, சமாளிப்பேன் என்றார் ஆன்ட்டி. குளிசையை விடுகிறேன் என்று சொன்ன மனுஷி, பழக்க தோஷத்தில் காலையில் அதைப் போட்டுவிட்டார். அதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

புத்தளம் தாண்டினால் காடு. இரண்டு பக்கமும் யானை வேலி, ஆள் நடமாட்டமில்லாத ரோடு. பின்னால் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தார்கள். இடையில் ஒரு குரல் குறைந்ததைச் சாமினி கவனித்தாள், ஆனால் காரணம் தெரியவில்லை. ஆன்ட்டிக்குப் பக்கத்தில் இருந்த பாடகர் குழுப் பெட்டை றேணுகா சீற்றுகளைப் பிடித்துப் பிடித்து முன்னுக்கு வந்து குனிந்து சொன்னாள். "அக்கா, ஆன்ட்டியால ஏலாது. அழுறா."

சாமினி காலை பிரேக்கில் வைக்கும்போதே வளைவு திரும்பியது. முன்னால் ஆண்களின் பஸ் ஓரத்தில் நின்றது. இறங்கி, வேலியைப் பார்த்து, நீளத்துக்கு வரிசையாக நின்றார்கள் குழுக்காரர். ஒருத்தரோடொருத்தர் கிரிக்கெட் கதைத்துக்கொண்டு, காற்று வாங்கிக்கொண்டு, அவ்வளவு ஆறுதலாக. பூட்டை ஜாக் கம்பியால் உடைக்கத்தான் அவள் முதலில் நினைத்தாள். ஆனால் சாவி கண்ணுக்கு முன்னாலேயே நிற்கிறது. பஸ்ஸை நிறுத்திவிட்டுக் குதித்து நடந்தாள்.

பெண்ணின் காலடிச் சத்தம் கேட்டதும் வரிசை குழம்பியது. ஒருவன் அவசரத்தில் வேட்டியோடு சண்டை பிடித்தான். றொஹான் என்ன செய்வதென்று தெரியாமல் பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்றான். வரிசையின் கடைசியில் அலோசியஸ் அங்கிள். அவரால் பாதியில் நிறுத்தவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. சாமினி அவருடைய முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"அங்கிள், சாவி."

"மரியாதை தெரியாதா உனக்கு? அங்கால போய் நில். ரெண்டு நிமிஷம் பொறுக்கேலாதா?"

"நாங்கள் வெள்ளாப்பில இருந்து பொறுத்துக்கொண்டுதான் வாறம். சாவியைத் தாங்கோ."

அவர் கழுத்துவரைக்கும் சிவந்துவிட்டார். ஒரு கையைச் சட்டைப் பைக்குள் விட்டு, சாவியை எடுத்து, முகத்தைக் காட்டாமல் தோளுக்கு மேலால் நீட்டினார். சாமினி பறித்துக்கொண்டு ஓடினாள்.

பஸ்ஸுக்குள் செபமாலை நின்றுபோயிருந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. புளோறன்ஸ் ஆன்ட்டி ஜன்னல் பக்கம் திரும்பி நேராக இருந்தார். மடுவுக்கென்று எடுத்த இளநீலச் சேலை இடுப்புக்குக் கீழே கறுத்து நனைந்திருந்தது. சீற்றிலிருந்து வடிந்த நீர் நடைபாதையால் ஓடி மாதாவின் மேடைக்குக் கிட்ட வந்து நின்றது. "சாவி வேண்டாம் மகள்" என்றார் ஆன்ட்டி. "முடிஞ்சுது." தான்தான் பிழை செய்தவர் மாதிரி மெதுவாகச் சொன்னார்.

சாமினிக்கு வந்ததைக் கோபம் என்று சொன்னால் போதாது. கூட்டத்தில் பழக்கம்தானே என்று சொன்னவள் தலையைக் குனிந்துகொண்டு தன் துவாயை நீட்டினாள். அதை வாங்காமல் சாமினி பின்பக்கம் போனாள். அவசரத்தில் சாவி இரண்டு தரம் தவறியது. பூட்டைக் கழற்றி ஜன்னல் வலையை விலக்கிக் காட்டுக்குள் எறிந்தாள். ஆன்ட்டியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் உள்ளே விட, றேணுகா தன் பையிலிருந்து மாற்றுச் சேலையைக் கொண்டு வந்து கொடுத்தாள். கதவு சாத்திக்கொண்டது. குழாய் திறந்து தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

அந்த நேரம்தான் அலோசியஸ் அங்கிள் படியில் ஏறினார். பின்னால் றொஹான். பூட்டில்லாமல் சாத்தியிருந்த கதவைக் கண்டவருடைய கண்ணுக்கு வேறொன்றும் படவில்லை. கொடுத்த வாக்கை மீறியாயிற்று, மாதாவுக்கு இதைவிட அவமரியாதை வேண்டாம், சுரூபத்தை ஆண்களின் பஸ்ஸுக்கு எடுக்கப் போகிறோம் என்று அறிவித்தார். ஒரு பக்கம் பிடி என்று றொஹானுக்குச் சொன்னார். றொஹான் நடைபாதையில் ஓடியிருந்த நீரைப் பார்த்தான். நனைந்த சீற்றைப் பார்த்தான். ஆயுளிலேயே முதல்தரமாக ஒருவர் கேட்டதற்கு ஓம் சொல்லாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அங்கிள் அவனை ஒரு முறை முறைத்துவிட்டுத் தானே முன்னுக்கு வந்து கண்ணாடிப் பெட்டிக்குக் கையைக் கொண்டுபோனார்.

சாமினி வாயைத் திறந்தாள். இவ்வளவு காலம் சேர்த்து வைத்ததெல்லாம் ஒரேயடியாகத் தொண்டைக்கு வந்ததில் ஒன்றும் வெளியே வரவில்லை. பின்னால் தண்ணீர்ச் சத்தம் நின்றது. கதவுக்கு உள்ளே இருந்து புளோறன்ஸ் ஆன்ட்டியின் குரல் கேட்டது. சத்தமாகவும் இல்லை, அழுகையும் இல்லை. கப்பல் கொம்பனிக் கந்தோரில் பெரிய துரைக்கே பிழை சொல்லித் திருத்திய குரல்.

"அலோசியஸ், மாதாவில வைக்க முந்தி அந்தக் கையைக் கழுவினீங்களா?"

நீட்டிய கை பெட்டிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அவர் அதைப் பார்த்தார். பஸ்ஸில் இருந்த அத்தனை பெண்களும் பார்த்தார்கள். காட்டுக்குள் குழாய் எங்கே இருக்கிறது? அவருடைய பஸ்ஸில் இல்லை, ரோட்டில் இல்லை, கண்ணுக்கெட்டின தூரத்தில் வீடும் இல்லை. பழக்கம்தானே என்று சொன்னவள்தான் முதலில் எழும்பி, பின்பக்கம் போக அவருக்கு வழி விட்டாள். பிறகு மாதாவுக்காகப் பொறுக்கமாட்டோமா என்று கேட்டவளும் விலகினாள். மனுஷன் கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தான் பூட்டிய கதவுக்கு முன்னால் போய் நின்றார். உள்ளே ஆன்ட்டி சேலை மாற்றிக்கொண்டிருந்தார்.

சாமினிக்கு இப்போது குரல் வந்தது.

"ஆறுதலா வாங்கோ ஆன்ட்டி" என்றாள். "அங்கிள் பொறுப்பார்."